எத்தனை தடவை ‘சரி’ அழுத்தணும்?

2005-ல் ரிச்சி தெருவில் ஒரு சர்வீஸ் கடையில் இருந்தேன். செத்த போனுக்கு உயிர் கொடுப்பது என் வேலை. ஆனால் கடை வாடகை அதில் வரவில்லை. வாசலில் தொங்கிய அட்டையில் வந்தது: ‘பாட்டு, கேம்ஸ், தீம் ஏற்றித் தரப்படும்.’ ஒரு மெமரி கார்டுக்கு முப்பது ரூபாய். நோக்கியா 6600, 3230, என்-70 என்று வரிசையாக நீளும் கைகள். கேபிள் இருந்தால் கேபிள், இல்லையென்றால் ப்ளூடூத். யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்றே எங்களுக்குத் தெரியாது.

நான் எழுதிய முதல் செயலியும் அந்தக் கணினியில் ஒரு ஃபோல்டரில்தான் கிடந்தது. தினசரிக் காலண்டர். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம். அன்றைய போன்களில் தமிழ் பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் ஒவ்வோர் எழுத்தையும் குட்டிப் படமாக வெட்டி, செயலிக்குள் கோத்து வைத்திருந்தேன். சில மாடல்களில் 64 கே.பி.க்கு மேல் கோப்பு ஏறாது. ‘ஔ’வும் ‘ஞ’ வரிசையில் பாதியும் அதில் பலியாயின. பஞ்சாங்கத்தில் ஞாயிறு வருமே என்பீர்கள். ‘ஞா’வை மட்டும் காப்பாற்றிவிட்டேன்.

முதலாளியை பாய் என்று கூப்பிடுவோம். அவர் அந்தக் காலண்டரைப் பாட்டோடு சேர்த்து இலவசமாக ஏற்றிவிடுவார். “தம்பி போட்டது, நல்லா இருக்கும், வச்சுக்கோங்க.” அவ்வளவுதான் விநியோகம். அடுத்த தை பிறந்ததும் பாதிப் பேர் புது வருஷத்துக்கு ஏற்றிக்கொள்ளத் திரும்பி வந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் இதில் பிழைப்பு இருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

அதே மேசையில்தான் மறுபக்கத்தையும் பார்த்தேன். ஒரு 6600 வந்தது. காலையில் முழு சார்ஜ், மதியம் அணைந்துவிடுகிறது என்றார் வாடிக்கையாளர். பேட்டரியை மாற்றியும் பயனில்லை. அணைத்துப் போட்டால் திரையில் ‘கரீபே’ என்று ஒரு சொல். கபீர் என்று பின்னால் பெயர் பெற்ற கிருமி அது. 2004-ல் முதன்முதலில் தென்பட்டது. ப்ளூடூத்தில் பக்கத்துப் போன்களைத் தேடிக்கொண்டே இருக்கும். பேட்டரி அதில்தான் கரையும். இதில் ஒரு விஷயத்தை நான் மறக்கவே இல்லை. கபீர் யார் போனிலும் திருட்டுத்தனமாக நுழைந்ததில்லை. செய்தி வருகிறது, வாங்கிக்கொள்ளலாமா என்று போன் கேட்கும். நம்பகமற்ற கோப்பு, நிறுவலாமா என்று மறுபடி கேட்கும். ஆள்தான் ஒவ்வொன்றுக்கும் ‘சரி’ அழுத்துவார். “ஏன் சார் அழுத்துனீங்க?” என்று கேட்டேன். “கேட்டுக்கிட்டே இருந்துச்சுப்பா” என்றார்.

அடுத்த ஆண்டே பூட்டு வந்தது. 2006 வாக்கில் சந்தைக்கு வந்த சிம்பியன் போன்களில் போனின் உள் வசதிகளைத் தொடும் செயலிக்குக் கையெழுத்துச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதை வாங்கக் காசும் இல்லை, வழியும் தெரியாது. கைக்கு வந்த சான்றிதழோ காலாவதியாகியிருக்கும். தெரு அதற்கும் ஒரு வைத்தியம் வைத்திருந்தது: போனின் தேதியை ஒரு வருஷம் பின்னால் தள்ளு, செயலியை ஏற்று, தேதியைப் பழையபடி வை. அவ்வளவு பெரிய பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு வாசல், கடிகாரத்தில் இருந்தது. காலண்டர் செயலியை ஏற்றுவதற்குக் காலண்டரையே ஏமாற்றியிருக்கிறோம்.

---

இன்று எல்லாரும் திட்டும், செயலிக் கடைகள் பிடிக்கும் முப்பது சதவீதத்தை நாங்கள் ஒரு காலத்தில் கொண்டாடினோம் என்றால் என்னிடம் வேலைக்கு வரும் பிள்ளைகள் நம்புவதில்லை. அதற்கு முன் போனில் காசு பார்க்க இருந்த ஒரே வழி தொலைபேசி நிறுவனம். குறுஞ்செய்தி அனுப்பினால் ராசிபலன், ரிங்டோன் என்று ஓடிய காலம். வாடிக்கையாளரிடம் பிடிக்கும் பணத்தில் பாதிக்கு மேல் அவர்களுக்கு. மிச்சத்தில் இடைத்தரகருக்கு ஒரு பங்கு. ஆக்கியவனுக்குச் சட்டியில் ஒட்டியது. அதுவும் மூன்று மாதம் கழித்து.

2008 ஜூலை 10-ல் ஆப்பிள் தன் கடையைத் திறந்தது. முதல் நாள் 500 செயலிகள். நூறு ரூபாய் வந்தால் எழுபது உனக்கு என்றார்கள். ஆண்டுக்கு 99 டாலர் கட்டினால் போதும். அந்த அக்டோபரில் ஆண்ட்ராய்டின் சந்தை வந்தது. அங்கே ஒருமுறை 25 டாலர். ஐபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தபோது விலை 31,000 ரூபாய். பாய் அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, “கார்டு எங்கப்பா போடறது?” என்று கேட்டார். போட இடமில்லை என்றேன். சிரித்தார். கடையின் கதை முடிந்துவிட்டது என்பது அவருக்கு என்னைவிட முன்னாடியே புரிந்திருக்கும்.

இரண்டு போன்களுக்கும் அடிப்படையில் ஒரு வித்தியாசம் இருந்தது. ஆப்பிள் வெளிச் சரக்குக்கு வாசலே வைக்கவில்லை. ஆண்ட்ராய்டு வைத்தது, ஆனால் அதைப் பூட்டி, சாவியை அமைப்புகளுக்குள் ஓர் இடத்தில் வைத்தது. ‘அறியப்படாத மூலங்கள்’ என்று ஒரு பட்டன். அன்று எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. கடைக்குள்ளேயே இருந்தேன், வெளிவாசலைப் பற்றி எனக்கென்ன?

---

கவலைப்படும் நாள் ஒரு டிசம்பரில் வந்தது. காலண்டர் செயலிக்கு டிசம்பர் கடைசி வாரமும் ஜனவரி முதல் வாரமும்தான் அறுவடை. இருபத்து மூன்றாம் தேதி காலை ஒரு மின்னஞ்சல்: உங்கள் செயலி விதிகளை மீறியது, நீக்கப்பட்டது. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. இன்னும் அங்கேதான் பிழைப்பு. எந்த விதி என்று கேட்டு எழுதினேன். விதிகளைப் படிக்கவும் என்று பதில் வந்தது. படித்துவிட்டேன், எந்த வரி என்று மறுபடி எழுதினேன். அதே பதில், வேறு கையெழுத்தோடு. பதினோரு நாள் கழித்து, நான் எதையும் மாற்றாமலேயே, செயலி தானாகத் திரும்பி வந்தது. காரணம் இன்றுவரை தெரியாது.

அந்தப் பதினோரு நாளில் தொழிலைப் பற்றி நான் கற்றது அதற்கு முன் பத்து வருஷத்தில் கற்றதைவிட அதிகம். முதலாவது, என் வாடிக்கையாளர்கள் என் வாடிக்கையாளர்கள் இல்லை. ஒருத்தர் பெயரும் எண்ணும் என்னிடம் இல்லை. பாய் கடையிலாவது முகம் தெரியும். இரண்டாவதை ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கற்றுக்கொடுத்தார்.

என் இணையதளத்தில் ஏ.பி.கே. என்னும் நிறுவல் கோப்பைப் போட்டு, தொடர்பு எண்ணையும் போட்டிருந்தேன். கும்பகோணத்திலிருந்து அவர் அழைத்தார்.

“தம்பி, உங்க காலண்டர் போனுக்குக் கெடுதல் பண்ணுமாமே?”

“இல்ல சார். அது பொதுவா எல்லாத்துக்கும் சொல்றது.”

“எல்லாத்துக்கும்னா, வாட்ஸாப் போடும்போது ஏன் சொல்லல?”

பதில் இல்லை. ஒவ்வொரு திரையாக அவர் வாசிக்க, நான் வழி சொன்னேன். இந்த வகைக் கோப்பு தீங்கு செய்யக்கூடும், வைத்திருக்கவா? சரி. திறக்கவா? சரி. பாதுகாப்புக்காக இங்கிருந்து நிறுவ அனுமதியில்லை. அமைப்புகளுக்குப் போங்கள். அந்தப் பட்டனைத் தள்ளுங்கள். உங்கள் தகவல்கள் தாக்குதலுக்கு ஆளாகலாம், இழப்புக்கு நீங்களே பொறுப்பு. சரி. பின்னால் வாங்க சார். எங்கே பின்னால்? கீழே இடது பக்கம் ஒரு அம்பு. இப்போ ‘நிறுவு’ன்னு இருக்கா? இருக்கு. இருபத்தைந்து நிமிஷம். நடுவில் அவர் வீட்டில் குக்கர் விசில் ஐந்து தடவை அடித்தது. அவர் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டார். அடுத்த வருஷத்துக்கு ஆகுமாம்.

கோப்பைத் தரவிறக்கியவர்களில் பாதிப் பேர்கூட நிறுவி முடிக்கவில்லை. அவர்கள் கையில் தாள் இல்லை; போனின் மறுமுனையில் நானும் இல்லை. வாசல் திறந்திருக்கிறதா என்பதல்ல விஷயம் என்று அன்று புரிந்தது. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே எத்தனை படி, ஒவ்வொரு படியிலும் என்ன பலகை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் விஷயம். அந்தப் பலகையை எழுதுபவரே பக்கத்தில் கடையும் வைத்திருக்கிறார்.

---

2020 ஆகஸ்ட் 13 அன்று எபிக் நிறுவனம் ஃபோர்ட்நைட் விளையாட்டுக்குள் தன் சொந்தப் பணவாசலைத் திறந்தது. அன்றைக்கே இரண்டு கடைகளும் விளையாட்டைத் தூக்கின. அன்றைக்கே எபிக் வழக்கும் போட்டது. ஆளுக்கொரு பக்கம் நின்று வாய்ச்சண்டை போட்டோம். எங்கள் அலுவலகத்தில் மொத்தம் ஐந்து பேர். அதிலும் மூன்று கட்சி.

ஆப்பிள் வழக்கின் விசாரணையில் ஒரு சாட்சியம் எனக்கு இன்னும் ருசிக்கிறது. மேக் கணினியில் எங்கிருந்து வேண்டுமானாலும் மென்பொருளை இறக்கி நிறுவலாம். போனில் மட்டும் ஏன் கூடாது என்று கேள்வி வரும் அல்லவா? ஆப்பிளின் மென்பொருள் தலைவர் க்ரெய்க் ஃபெடரிகி, மேக்கில் இருக்கும் தீநிரல்களின் அளவு தங்களுக்கே ஏற்புடையதாக இல்லை என்று சாட்சி சொன்னார். ஒரு சரக்கைக் காப்பாற்ற இன்னொரு சரக்கை விட்டுக்கொடுத்தார். நீதிபதி இவான் கொன்சாலஸ் ரோஜர்ஸ் 2021 செப்டம்பரில் பத்தில் ஒன்பது குற்றச்சாட்டில் எபிக்குக்கு எதிராகவே தீர்ப்பளித்தார். ஐபோனுக்கு வெளிவாசல் வைக்கச் சொல்லவில்லை. வெளியே போய்ப் பணம் கட்டலாம் என்று செயலிக்குள் சொல்வதைத் தடுக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆப்பிள் அதற்கும் 2024-ல் இணங்கியது. எப்படியென்றால், வெளியே கட்டும் பணத்திலும் 27 சதவீதம் கேட்டது. முப்பதுக்கு இருபத்தேழு. அட்டைக் கட்டணம் மூன்று சதவீதம் என்றால் கணக்கு சரியாகிவிடுகிறது. 2025 ஏப்ரலில் அதே நீதிபதி, இது தன் உத்தரவை மீறுவதாகும் என்று கடுமையாகச் சொல்லி நிறுத்தினார்.

வாசலே வைக்காத ஆப்பிள் அமெரிக்காவில் பெரும்பாலும் தப்பித்தது. வாசல் வைத்திருந்த கூகுள் மாட்டிக்கொண்டது. 2023 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜூரி கூகுளுக்கு எதிராக முடிவு சொன்னது. 2024 அக்டோபரில் நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ, போட்டிக் கடைகளையும் பிளே ஸ்டோருக்குள் வைக்க விடு என்று உத்தரவிட்டார்; மேல்முறையீட்டிலும் கூகுள் தோற்றது. வினோதம்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அது வினோதமில்லை. தன் வீட்டுக்கு வாசல் வைக்காதது ஒன்று. ஊருக்கே வாசல் என்று சொல்லிவிட்டு, வருகிறவர்களைத் தடுக்கப் போன் தயாரிப்பாளர்களோடும் விளையாட்டு நிறுவனங்களோடும் ஒப்பந்தம் போடுவது வேறொன்று. ஜூரி பார்த்தது அந்த ஒப்பந்தங்களைத்தான்.

நம்மூரில் நடந்தது இதைவிட எனக்கு நெருக்கம். 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஐந்து நாள் கழித்துக் கட்டண விவகாரத்தில் இன்னொரு 936.44 கோடி. செய்தித்தாள்கள் தொகையைத்தான் பெரிதாகப் போட்டன. எனக்கு முதல் உத்தரவின் கட்டளைப் பட்டியல் முக்கியமாகப் பட்டது. கடைக்கு வெளியே செயலி விநியோகிப்பதை எந்த வகையிலும் தடுக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி. ‘எந்த வகையிலும்’ என்ற சொல்லைப் படித்தபோது கும்பகோணத்துத் தாளை நினைத்துக்கொண்டேன். அந்தப் பலகைகளும் ஒரு வகைதானே?

சந்தோஷம் ஐந்து மாதம். 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்துவிட்டு, நான்கு கட்டளைகளை எடுத்துவிட்டது. அதில் இந்த வரியும் போயிற்று. போட்டிக் கடைகளைப் பிளே ஸ்டோருக்குள் வைப்பது பற்றிய வரியும் போயிற்று. அமெரிக்காவில் டொனாட்டோ சொன்னதும் ஏறக்குறைய அதுதான். நாம் ஒன்றரை வருஷம் முன்னாலேயே அதை எழுதி, அழித்தும் முடித்திருந்தோம்.

பிறகு 2024 மார்ச் 1. கட்டணத் தகராறில் இந்திய நிறுவனங்கள் சிலவற்றின் செயலிகளைக் கூகுள் நீக்கியது. அதில் நம் சென்னையின் பாரத் மேட்ரிமோனியும் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் அவர்கள் போட்ட வழக்கு அதற்கு முன்பே தள்ளுபடியாகியிருந்தது. உச்ச நீதிமன்றமும் இடைக்கால நிவாரணம் தரவில்லை. மத்திய அமைச்சர் தலையிட, சில நாளில் செயலிகள் திரும்பின. அன்று மாலை டீக்கடையில் ஒரு நண்பர், “அவங்களுக்கு மந்திரி பேசுனாரு. உனக்கு யார் பேசுவா?” என்றார். என் பதினோரு நாள் அவருக்குத் தெரியும்.

---

என் அலுவலகத்துக்குக் காலண்டரைவிட அதிகம் சோறு போடுவது வெளிநாட்டுக் கிளையன்ட் வேலை. அந்த வழியில்தான் ஐரோப்பியச் சட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஜெர்மனியில் மலையேறுபவர்களுக்கு வரைபடச் செயலி விற்கும் சின்ன நிறுவனம். 2024 ஜனவரியில் அழைத்தார்கள். மார்ச் 7 முதல் ஆப்பிளும் வெளிக்கடைகளுக்கு வழிவிட்டே ஆக வேண்டும், நாமும் போகலாம் என்றார்கள்.

டிஜிட்டல் சந்தைச் சட்டம் அது. நீதிமன்றம் மாதிரி நடந்ததைத் தோண்டிக்கொண்டிருக்காமல், 2023 செப்டம்பரில் இன்னின்னார் ‘வாயிற்காவலர்’ என்று பெயர் சொல்லிவிட்டு, நீ இதையெல்லாம் செய்தாக வேண்டும் என்று முன்கூட்டியே பட்டியல் கொடுத்தார்கள். பதினாறு வருஷமாக வாசல் இல்லாத வீட்டில், ஐ.ஓ.எஸ். 17.4 பதிப்போடு, முதன்முறையாகச் சுவரை இடித்தார்கள்.

நாங்கள் மூன்று நாள் விதிகளைப் படித்தோம். வெளிக்கடையில் விற்றாலும் செயலியை ஆப்பிளிடம் காட்டிச் சரிபார்ப்பு முத்திரை வாங்க வேண்டும். அது நியாயம் என்றே எனக்குப் பட்டது. அடுத்தது கட்டணம். புது விதிகளை ஏற்கும் நிறுவனம், ஆண்டில் முதல் பத்து லட்சம் நிறுவல்களைத் தாண்டிய ஒவ்வொன்றுக்கும் அரை யூரோ கட்ட வேண்டும் என்று அப்போது இருந்தது. எங்கள் கிளையன்ட்டின் நிதி ஆள் ஒரு கேள்வி கேட்டார்: நம் இலவசப் பதிப்பு இருபது லட்சம் பேருக்குப் போனால்? வெள்ளைப் பலகையில் எழுதிப் பார்த்தோம். பத்து லட்சம் கழிவு. மிச்சம் பத்து லட்சம், தலைக்கு அரை யூரோ. ஐந்து லட்சம் யூரோ. காசு கட்டும் வாடிக்கையாளர் ஒருவர்கூட வராவிட்டாலும் ஐந்து லட்சம். அவர்களுக்கு அன்று அத்தனை பயனர்கள் இல்லை. ஆனாலும் அந்தப் பலகையை யாரும் அழிக்கவில்லை. ஒரு வாரம் அப்படியே இருந்தது. வெற்றி பெற்றால் திவால் என்ற கணக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடைசியில் சோதனைக்காக மட்டும் ஒரு சின்னப் பதிப்பை ஒரு வெளிக்கடையில் வைக்க முடிவானது. அந்த ஏப்ரலில் ஆல்ட்ஸ்டோர் ஐரோப்பாவில் திறந்தது. ரைலி டெஸ்டட் என்ற இளைஞர், பழைய நிண்டெண்டோ விளையாட்டுகளை ஓட்டும் டெல்டாவை உருவாக்கியவர், நடத்தும் கடை. ஆண்டுக்கு ஒன்றரை யூரோ சந்தா. அந்த அரை யூரோவைக் கட்டத்தான் அந்தச் சந்தாவே. பிறகு எபிக் கொடுத்த நிதியில் சந்தாவை எடுத்துவிட்டார்.

எங்கள் மேசையில் இரண்டு ஐபோன் இருந்தும் ஒன்றிலும் அது ஏறாது. ஐரோப்பிய ஒன்றியத்துக் கணக்கும் வேண்டும், ஆளும் அங்கே இருக்க வேண்டும். அதனால் கிளையன்ட்டின் பரிசோதகர் ஒரு பெண்மணி தன் போனை இன்னொரு கேமராவின் கீழ் வைத்து அழுத்த, நாங்கள் கிண்டியிலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இணையதளத்தில் பட்டனைத் தொட்டார். உங்கள் அமைப்பு இந்த நிறுவனத்தின் கடையை அனுமதிக்கவில்லை என்றது போன். அதிலிருந்து நேராக அமைப்புக்குப் போகப் பட்டன் இல்லை; வெறும் ‘சரி’. அவரே வெளியே வந்து, அமைப்புகளைத் திறந்து, தேடிப்பிடித்து, அனுமதி கொடுத்து, முகத்தைக் காட்டி, மறுபடி இணையதளத்துக்கு வந்து, மறுபடி அழுத்தினார். இன்னொரு பலகை: இந்தக் கடையில் வாங்குவதை நாங்கள் கவனித்துக்கொள்ள மாட்டோம், பணம் திரும்பப் பெறுவது எங்கள் பொறுப்பில் வராது. மறுபடி சரி.

நான் என்னையறியாமல் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த பையன், “என்ன சார் எண்றீங்க?” என்றான். கும்பகோணம் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

கிளையன்ட் அந்த ஆண்டு வெளியே போகவில்லை. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சட்டம் தோற்றது என்றும் சொல்ல மாட்டேன். வழக்கு ஒரு தடவை முடிந்துபோகும். ஐரோப்பியர்கள் விட்டுவிடாமல் திரை திரையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம் போட்டார்கள். அது வெளியே பணம் கட்டும் வழியைச் சொல்ல விடாததற்காக. அந்த ஜூலையில் வந்த 18.6 பதிப்பில் வெளிக்கடை நிறுவும் படிகள் குறைந்தன. அதே பெண்மணி காணொளி அனுப்பினார். சுற்றி வந்த பாதை நேராகியிருந்தது. ஒரு அதிகாரி எங்கோ உட்கார்ந்து நான் எண்ணியது மாதிரியே விரல்விட்டு எண்ணியிருக்க வேண்டும். ஜப்பானும் இதேபோல் ஒரு சட்டம் போட்டு 2025 டிசம்பர் 18-ல் முழுதாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

---

இதுவரை படித்தவர்கள் என்னை வாசல் திறக்கும் கட்சி என்று நினைத்திருப்பீர்கள். 2024 வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

விழுப்புரத்தில் என் சித்தப்பா. வாட்ஸாப்பில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது, தெரிந்தவர் எண்ணிலிருந்தே. பத்திரிகை படமாக இல்லை, ஏ.பி.கே. கோப்பு. தொட்டார், போன் கேட்டது, சரி என்றார். பத்திரிகை திறக்கவில்லை. ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டார். கோப்புக்குள் இருந்தது குறுஞ்செய்தி படிக்கும் நிரல், வங்கியின் ஓ.டி.பி. ஒவ்வொன்றும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. மறுநாள் காலை 84,000 ரூபாய் காணோம். அவர் எண்ணிலிருந்து சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அதே பத்திரிகை போயிருந்தது. எனக்கும் வந்தது.

சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்துவிட்டு விழுப்புரம் போனேன். போனை வாங்கிப் பார்த்தேன். எப்படிச் சித்தப்பா அத்தனை எச்சரிக்கையையும் தாண்டினீங்க என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “நீதானடா சொல்லிக் குடுத்த. உன் காலண்டர் போடும்போது, என்ன கேட்டாலும் பயப்படாம சரி, சரின்னு அழுத்துங்கன்னு.”

உண்மை. முன்பு வாட்ஸாப்பில் நான் அனுப்பிய காலண்டர் கோப்பைத்தான் அவர் நிறுவினார். ஆண்ட்ராய்டு 8-க்குப் பிறகு அந்த அனுமதி ஒட்டுமொத்தப் போனுக்குக் கிடையாது. எந்தச் செயலி வழியாகக் கோப்பு வருகிறதோ அதற்குத் தனித்தனியாகத் தர வேண்டும். வாட்ஸாப்புக்குத் தந்த அனுமதி அப்படியே திறந்து கிடந்தது. திறக்கச் சொன்ன நான், வேலை முடிந்ததும் மூடச் சொல்லவில்லை.

பொய்யான எச்சரிக்கைக்கும் உண்மையான எச்சரிக்கைக்கும் ஒரே நிறம், ஒரே எழுத்து, ஒரே வாசகம். என் காலண்டருக்குக் காட்டிய பலகையைத்தான் திருடனுக்கும் காட்டியது போன். என்னைப் போன்றவர்கள் ஊர் முழுக்கப் பலகையைப் படிக்காமல் தாண்டப் பழக்கியிருந்தோம். போன்காரர்கள், எல்லாவற்றுக்கும் ஒரே கூச்சல் போட்டு, கூச்சலுக்கு மதிப்பில்லாமல் செய்திருந்தார்கள். இதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

அதனால்தான் 2025 ஆகஸ்டில் கூகுள் புது ஏற்பாட்டை அறிவித்தபோது எனக்கு உடனே கோபம் வரவில்லை. கடைக்கு வெளியே தந்தாலும், செயலியை ஆக்கியவர் தன் பெயர், முகவரி, அடையாளத்தைக் கூகுளிடம் பதிந்திருக்க வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடக்கம். 2027 முதல் மற்ற நாடுகள். எஃப்-ட்ராய்டு போன்ற திறந்தமூலக் கடைக்காரர்கள் கொதித்தார்கள். கொதிப்பிலும் நியாயம் உண்டு: எங்கள் கடையின் வருகைப் பதிவேட்டைப் பக்கத்துக் கடைக்காரர் ஏன் வைத்திருக்க வேண்டும்? எதிர்ப்புக்குப் பிறகு, விவரம் தெரிந்தவர்கள் பதியாத செயலியையும் நிறுவ இன்னொரு வழி வைப்போம் என்றது கூகுள். இன்னொரு வழி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இன்னும் சில பலகைகள்.

நான் பெயர் பதிவதில் எனக்கு வெட்கமில்லை. பாய் கடை வாசலிலும் என் பெயர் இருந்தது. என் சந்தேகமெல்லாம் அந்த டிசம்பர் இருபத்து மூன்றைப் பற்றி. அன்று என் செயலியை எடுத்தவர்களால் இணையதளத்தில் இருந்த கோப்பைத் தொட முடியவில்லை. பதிவேடும் ஒரே கையில் இருந்தால் அந்த ஜன்னலும் இருக்குமா என்று ஐரோப்பிய அதிகாரிகள் கேட்பார்கள் என்று நம்புகிறேன். நம்மூரில் யார் கேட்பார்கள்?

சித்தப்பாவுக்கு இப்போது காலண்டரைக் கடையிலிருந்துதான் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். கும்பகோணத்து சார் மட்டும் கடை வேண்டாம் என்கிறார். பழகிய வழிதான் வேண்டுமாம். போன டிசம்பரிலும் அழைத்தார். பேரன் புது போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார். காகிதம் சரசரப்பது கேட்டது.

“அஞ்சு வரைக்கும் வந்துட்டேன் தம்பி. ஆறாவது வரியில எழுதியிருக்கிறது இந்த போன்ல இல்ல. வேற என்னமோ கேக்குது. நீளமா இருக்கு. படிக்கட்டுமா?”

“படிங்க சார். முழுசாப் படிங்க. நான் சொல்ற வரைக்கும் எதையும் அழுத்தாதீங்க.”